எக்ஸாஸ்ட் நிறுத்தம்: 10.15

பிப்ரவரி 12

அண்ணா,

எக்ஸாஸ்டை நிறுத்தியது நீ. பதினாலு வருடம், வேலை நாள் ஒன்று தவறாமல், காலை பத்தேகாலுக்கு அந்தச் சுவிட்சை உன் கையால் அணைத்தாய். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் திரும்பப் போட்டாய். இடையில் கிளம்பிய மரத்தூசி முழுவதையும் நாங்கள் ஐந்து பெண்கள் மூக்கால் இழுத்தோம். அந்த ஐந்தில் ஒரு மூக்கு இப்போது இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது. நான் அழுகிறேனா திட்டுகிறேனா என்று எதிரில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. அதோடு, போனில் நீ ஒரு "ம்" போட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்துக்கு "ம்" என்று பதில் எழுத முடியாது.

இன்றைக்கு நாலாவது. மொத்தம் முப்பது. சனி, ஞாயிறு தவிர தினமும். இங்கே எல்லோரும் இதைக் கரண்டு வைப்பது என்கிறார்கள். உள்ளே கரண்டெல்லாம் இல்லை, சுடுவதில்லை, வலிப்பதில்லை. ஒரு பெரிய மிஷின் தலையைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். முழுவதும் வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே, பிறகு இது எதற்கு என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எடுத்தது கண்ணுக்குப் பக்கத்துலம்மா. ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா?" என்றார். புரிந்துவிட்டது. இழைப்புளி போட்ட பிறகு உப்புத்தாள். எனக்குத் தெரியாத வேலையா?

முதல் நாளே அவர் கேட்டார், "என்ன வேலை பாத்தீங்க?"

"மேசை செய்யற கம்பெனியில உப்புத்தாள் போடுற வேலை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷம்?"

"பதினாலு."

"தூசியை உறிஞ்சுற ஃபேன் இருக்குமே?"

"இருக்கு. அதுக்கு எங்களை விட அதிக ஓய்வு."

மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வருகிற இந்த ஜாதிப் புற்றுநோய், கெட்டி மரத்தைத் தேய்க்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வருகிறதாம். புத்தகத்திலேயே இருக்கிறதாம். அவர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினார். ஆய்வாளர் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி பதில் எழுதியது. அந்தப் பதிலின் நகலை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். எக்ஸாஸ்ட் வேலை நேரம் முழுவதும் ஓடுகிறதாம். நான் பேக்கிங்கில்தான் இருந்தேனாம். கீழே "பாலிஷ் பிரிவுத் தலைவர்" என்று உன் கையெழுத்து.

ஆபரேஷன் அன்றைக்கு நீ வந்தாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நாற்றம் தாங்கவில்லை என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவிலேயே நின்றாய். அண்ணிதான் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 10ஆம் தேதி ஆய்வாளர் நேரில் வருகிறார். உன் பாலிஷ் நோட்டுகள் பரணில் இருக்கின்றன. எந்த நாள் காற்றில் எவ்வளவு ஈரம், தின்னர் எவ்வளவு, எத்தனையாவது கோட், எக்ஸாஸ்டை எத்தனை மணிக்கு நிறுத்தினாய், எத்தனை மணிக்குப் போட்டாய், எல்லாம் உன் கையெழுத்தில். அவற்றை அவரிடம் கொடு. எனக்குப் போனது போகட்டும். அந்தக் கூடத்தில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

தங்கை


பிப்ரவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் அறைச் சாவி அண்ணியிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருகிறாள். உன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். இங்கே இரண்டு நாளாக மழை. மழை நாளில் பாலிஷ் காயாது என்பது உனக்குத் தெரியும். மேசை வெளுத்துப் போகும். தின்னரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அண்ணி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, தெருவே கூடிவிட்டது. "பக்கத்துலயே குந்தியிருக்கியே மனுஷா, மூக்கைக் கழட்டி ஆணியில மாட்டி வச்சிருக்கியா?" என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன். இதைப் படித்தால் நீ கொஞ்சம் சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

நீ கேட்ட விஷயம். அந்த நோட்டுகள் இப்போது இல்லை. போன வருடம் பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று. இருந்தாலும் அதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? பாலிஷ்காரன் கிறுக்கல்.

கையெழுத்து விஷயம். மேனேஜர் நாலு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. கடிதம் நாலு கை மாறும். நான் இருக்கிற வீடு கம்பெனி வீடு. ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டர் சொல்கிறபடி நட.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணா,

இன்றைக்கு ஞாயிறு, கரண்டுக்கு விடுமுறை. பத்து முடிந்தது. நாக்கில் ருசி போய்விட்டது. எதைத் தின்றாலும் அட்டைப்பெட்டியைத் தின்கிற மாதிரி இருக்கிறது. தினம் நாலு வேளை உப்புத் தண்ணீரைப் பீச்சி மூக்கைக் கழுவுகிறேன். உள்ளே பக்கு பக்காக வருகிறது. முகத்தின் நடுவில் வெயிலில் கருத்த மாதிரி ஒரு பட்டை. கண்ணில் சும்மா சும்மா தண்ணீர். அழுகை என்று நினைத்து, நர்ஸ் வந்து முதுகைத் தட்டிக் கொடுக்கிறாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும்.

நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாய் என்கிறாய். அண்ணா, கல்யாணத்துக்குப் போட்ட செருப்பையே இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறவன் நீ. யாரிடம் கதை விடுகிறாய்?

இங்கே எனக்குக் கூட்டு ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஷூ கம்பெனிக்காரர். இருபத்தாறு வருடம் தோல் ஓரத்தைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தவர். அவருக்கும் இதே இடம், இதே ஆபரேஷன், இதே கரண்டு. எனக்கு முன்னால் அவர் முறை. வெளியே வரும்போது முகம் முழுக்க முகமூடியின் வலைத் தடம் பதிந்திருக்கும். "உனக்கு மரம், எனக்கு மாடும்மா. ரெண்டும் உள்ள போய் வீடு கட்டிடுச்சு பாரு" என்கிறார். சிரிக்கக் கூடாது, சிரித்தால் மூக்கில் ரத்தம் வரும். அதற்காகவே சிரிக்க வைக்கிறார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும்தான். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. கூட வேலை பாத்தவன் எவன் எங்க இருக்கான்னே தெரியல. எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஒரு ஆள் கிடையாது. உனக்குக் கூடப் பொறந்தவனே சாட்சி. அப்புறம் என்னம்மா?"

அப்புறம் என்ன என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

மறந்துபோவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் இடது மூக்கு அடைத்து எட்டு மாதம் நடந்தேன். கைக்குட்டையில் ரத்தம் வந்த அன்றைக்கு உன்னிடம்தான் முதலில் காட்டினேன். "உஷ்ணம், ஆவி பிடி" என்றாய். நான் ஆவி பிடித்தேன். எட்டு மாதம், அண்ணா.

தங்கை


பிப்ரவரி 28

தங்கைக்கு,

நீ நோயாளி, பதில் பேசக் கூடாது என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாயே, அன்றைக்கு முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி உன்னை வேலைக்குச் சேர்த்தது யார்? பேக்கிங் கொடுத்தார்கள். தேய்ப்புக் கூடத்தில் கூலி கூட என்று அங்கே மாற்றச் சொன்னது நீ. நான் மாற்றிக் கொடுத்தேன். பதிவேட்டில் இன்னும் பேக்கிங் என்று இருந்தால் அது மேனேஜரின் சோம்பேறித்தனம், என் சதி இல்லை.

எக்ஸாஸ்ட் பற்றி ஒரு முறை சொல்கிறேன், முழுதாகக் கேள். நான் பாலிஷ் அடிக்கிற இடத்துக்கும் உங்கள் கூடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு தார்ப்பாய்தான். எக்ஸாஸ்ட் என் பக்கச் சுவரில் இருக்கிறது. அது ஓடினால் உங்கள் தூசி முழுவதும் என் ஈர மேசைக்கு மேலாகத்தான் போகும். மேலே குருணை உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு மேசை வெளியே போனால் திரும்பி வந்துவிடும். சுவர் எழுப்பிக் கொடுங்கள் என்று முதல் வருடமே கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். இரண்டாம் வருடமும் கேட்டேன். மூன்றாம் வருடம் கேட்கவில்லை. பாலிஷ் காய மூன்று மணி நேரம், அந்த மூன்று மணி நேரம் மட்டும் நிறுத்து என்று மேனேஜர் சொன்னார். என் கை நிறுத்தியது, அது உண்மை. என் வாய் சொன்னதா என்றால், இல்லை.

நீ கண்டுபிடித்துவிட்டாய், அதனால் சொல்கிறேன். நோட்டுகள் பரணில்தான் இருக்கின்றன. பதினாலும்.

நேற்று முதலாளி கூப்பிட்டார். நாற்காலி போடச் சொல்லி உட்கார வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "பாலிஷ்காரரே, நம்ம தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லா பாத்துக்கறாங்களா?" என்று கேட்டார். நம்ம தங்கச்சி. பிறகு, "பழைய குப்பை ஏதாவது வீட்டுல கிடந்தா கொளுத்திடுங்க, எலி வரும்" என்றார். வெறுமனே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

கொளுத்தவில்லை. வெளியே எடுக்கவும் இல்லை. என்னை இதற்கு மேல் கேட்காதே.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு பக்கம் எழுதினேன், எல்லாம் வசவு. அனுப்பவில்லை. இதற்குள் இங்கே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன்.

கரண்டு வைக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்கு ஆளுக்கொரு முகமூடி. வலை மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் துணி மாதிரி தொங்கும். அதை அப்படியே எடுத்து முகத்தில் போர்த்தி அழுத்துவார்கள். சூடான துண்டு போட்ட மாதிரி இதமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். பிறகு தினமும் அதை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். மூக்கு, நாடி, புருவம், எல்லாம் அச்சு அசல் நான். வெளியே அலமாரியில் வரிசையாக எல்லோருடைய முகமும் அடுக்கியிருக்கும். முறை வரும்போது அவரவர் முகத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார வேண்டும்.

என் முகமூடியில் இடது கன்னத்துப் பக்கம் ஓரத்தில் ஒரு பிசிறு. பூட்டும்போது காதுக்கு முன்னால் உராயும். பதினைந்து நாள் பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வராந்தாவில் கூட்டம், ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. முகமூடி மடியில் இருக்கிறது. பையில் கையை விட்டால் ஒரு துண்டு உப்புத்தாள். நம்மாட்கள் பையில் எது இல்லாவிட்டாலும் அது இருக்குமே. தேய்த்துவிட்டேன். பிசிறை எடுத்தேன். எடுத்தது எடுத்தோம் என்று பூட்டு விழுகிற விளிம்பையும் கொஞ்சம் சமன் செய்தேன். மேலே ஒட்டியிருந்த குறி நாடா வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது, பிய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பல நாளுக்குப் பிறகு மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

உள்ளே போனதும் மிஷின் ஓட்டுகிற பெண் முகமூடியை மாட்டிப் பூட்டினாள், திறந்தாள், திரும்பப் பூட்டினாள்.

"அம்மா, இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"பிசிறா இருந்துச்சு."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அளவு போடுகிறவர் வந்தார், டாக்டரம்மா வந்தார். முகமூடி ஒரு நூல் ஆடினாலும் கதிர் ஒரு நூல் தள்ளி விழும். ஒரு நூல் தள்ளினால் கண் நரம்பு. "உங்களுக்கு இடது கண் வேணுமா வேண்டாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார். புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. மூன்று நாள் கரண்டு கிடையாது. அப்படி இடைவெளி விழுவது இந்த நோய்க்கு நல்லதில்லையாம். இன்றைக்குத்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். பதினாறாவது. ஷூக்காரர் என்னை "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தன் முகமூடியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்காருகிறார்.

அந்த மூன்று நாளும் படுத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். எனக்குப் பிசிறு பொறுக்கவில்லை. உனக்குக் குருணை பொறுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வேறு எப்படி இருப்போம்? சுவர் கேட்டாய் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். யாரோ ஒருத்தன் வீட்டில் சோற்றை வைத்துத் தின்கிற பலகை முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும். அதற்காக ஒரு செங்கல் சுவர் வைக்க முடியாது, எங்கள் மூக்கை வைக்க முடியும். இது உன் கணக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் தேய்த்தது என் முகமூடியை. நீ நிறுத்தியது ஐந்து பேருக்கு.

இன்னொன்று. யார் தேய்த்தது என்று கேட்டதும் நான்தான் என்றேன். அதனால் மூன்று நாளில் சரிசெய்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த ஆடுகிற முகமூடியை மாட்டிக்கொண்டே முப்பதையும் முடித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருகிறார். "யாரு நிறுத்துறது?" என்று கேட்பார். "நான்தான் சார்." இரண்டே வார்த்தை, அண்ணா. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல். அவ்வளவுதான் நான் உனக்கு விட்டுக்கொடுக்க முடியும்.

தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

அவர் வந்தார். சின்ன வயது. சட்டை இஸ்திரி கலையவில்லை. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே எக்ஸாஸ்டுக்குத் தூசி பிடிக்கிற புதுப் பை மாட்டியிருந்தார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். மூலை மிஷின் அக்காவுக்கும் மற்ற மூன்று பேருக்கும் புது மூக்குத்துணி கொடுத்திருந்தார்கள். கம்பெனி பேர் போட்டது. அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு மொய் வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குப் பாலிஷ் வேலையே இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

"இது எப்பவும் ஓடுமா?" என்று அவர் கேட்டார். மேனேஜர், "ஓடும் சார்" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு வார்த்தை என்று எழுதியிருந்தாய். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.

அதற்கு அடுத்த நாள் பத்தேகாலுக்குச் சுவிட்சுக்கிட்டே போனேன். கை போகவில்லை. விட்டுவிட்டேன். எக்ஸாஸ்ட் ஓட ஓட மேசைக்குப் பாலிஷ் அடித்தேன். வியாழக்கிழமையும் அப்படியே. நேற்று முதலாளி வந்து மேசையைக் கட்டைவிரலால் தடவினார். "என்ன பாலிஷ்காரரே, மேசைக்கு அம்மை போட்டிருக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மேசையையும் சுரண்டித் திரும்ப அடிக்கச் சொன்னார். சுரண்டினது யார்? மூலை மிஷின் அக்காவும் மற்றவர்களும்தான். அதற்கும் தூசி.

இன்று பத்தேகாலுக்கு நிறுத்திவிட்டேன்.

நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நான் பேசத் தெரியாதவன். பதினாலு நோட்டில் ஒன்றை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடைசி நோட்டு. போன மாதம் வரை இருக்கிறது. நிதானமாகப் படி. ஒவ்வொரு நாளையும் படி. அண்ணியிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

நாலு நாளாக மழை இல்லை. பாலிஷ் நன்றாகக் காய்கிறது.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

இன்றைக்கு இருபத்து நாலு. நோட்டு நேற்று வந்தது. முதலில் எனக்கு வேண்டியதை மட்டும் தேடிப் படித்தேன். எக்ஸாஸ்ட் நிறுத்தம் 10.15, போட்டது 1.30. நிறுத்தம் 10.20, போட்டது 1.40. பக்கத்துக்குப் பக்கம், தினமும். இது போதும் என்று மூடிவைத்தேன்.

பிறகு உன் கடிதத்தைத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு நாளையும் படி என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திறந்தேன்.

டிசம்பர் 11: "தின்னரில் வாசம் இல்லை. கலப்படமா? டப்பா மாற்றினேன்."

டிசம்பர் 12: "புது டப்பாவிலும் வாசம் இல்லை."

டிசம்பர் 19: "அக்காவை மோந்து பார்க்கச் சொன்னேன். நெடி தலைக்கு ஏறுது என்கிறாள். எனக்கு இல்லை."

ஜனவரி 3: "இடது பக்கம் அடைப்பு. கைக்குட்டையில் சிவப்பு."

ஜனவரி 6: "விடுப்பு. தங்கைக்கு ஆபரேஷன்."

ஜனவரி 8: "சிவப்பு."

ஜனவரி 20: "சிவப்பு. வாசம் இல்லை."

பிப்ரவரியில் அது எட்டு இடத்தில் இருக்கிறது. நான் எண்ணினேன்.

ஆபரேஷன் அன்றைக்கு நாற்றம் தாங்கவில்லை என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றாய். வாசமே தெரியாதவனுக்கு ஏது நாற்றம்? பால் கருகியதும் தெரியவில்லை, சிரிப்புக் காட்ட எழுதினாய். நான் சிரிக்கக்கூட இல்லை, உன்னைத் திட்டி எழுதினேன். நான் உள்ளே கிடக்கும்போது வெளியே நீ அதே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

எங்களோடு தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நீயும்தான் இருந்தாய் என்று எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. பாலிஷுக்கு வருவதற்கு முன்னால் நீயும் பத்து வருடம் உப்புத்தாள் போட்டவன்தான்.

பரணில் பதினாலு நோட்டு இருந்தது. எக்ஸாஸ்டுக்குச் சாட்சி வேண்டுமென்றால் பழைய நோட்டு எதுவானாலும் போதும். நீ தேடி எடுத்து இதை அனுப்பினாய்.

இன்றைக்கு இந்த நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன். கடிதம் படிக்கிற மாதிரி பக்கம் பக்கமாகப் படித்தார். "இவர் யாரு?" என்றார். "என் அண்ணன்." "ஏன் இன்னும் வரலை?" ஜலதோஷமாகவும் இருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். சின்னக் குழாயை விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலையாம். சீக்கிரம் பிடித்தால் கண்ணுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்னாலேயே எடுத்துவிடலாமாம். நான் ஆவி பிடித்த எட்டு மாதம் இருக்கிறதே, அது உனக்கு வேண்டாம்.

நோட்டின் நகலை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டேன். எந்தப் பக்கத்தையும் மறைக்கவில்லை. அந்தக் கூடத்தில் ஒரு மூக்கு இல்லை, இரண்டு என்று எழுதினேன். கம்பெனி வீடு போனால் போகட்டும். என் அறை சின்னதுதான், உனக்கும் அண்ணிக்கும் இடம் இருக்கும். நான் வாசலில் படுத்துக்கொள்வேன்.

25ஆம் தேதி புதன்கிழமை மூக்கு டாக்டர் பார்க்கிற நாள். உன் பெயரில் சீட்டு எடுத்து வைக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கும் கடைசி. செவ்வாய் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே இருப்பாய்.

வா.

தங்கை


மார்ச் 25

அண்ணா,

முப்பதும் முடிந்தது. மிஷின் ஓட்டுகிற பெண் கை கொடுத்தாள். புது முகமூடியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். ஷூக்காரர் போன வாரமே தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார், சுவரில் மாட்டிப் பேரப்பிள்ளைகளைப் பயமுறுத்தப் போகிறாராம். என்னுடையது இப்போது என் மடியில் இருக்கிறது. இதிலும் ஓரத்தில் பிசிறு இருக்கிறது. நான் கை வைக்கவில்லை.

உன் சீட்டு நாற்பத்தொன்று. இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றேன். "நீங்களா?" என்றார் உதவியாளர். இல்லை, என் அண்ணன், வந்துகொண்டிருக்கிறார் என்றேன். வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டேன். நீதான் எடுத்தாய். இந்தக் குடத்துக்குள் இருக்கிற குரலோடு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் "ம்" என்றாய். வைத்துவிட்டாய். அந்த "ம்" மூக்கடைத்து வந்தது, அண்ணா. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அண்ணியிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டியது அது. அடுத்த புதன் வரைக்கும் பொறுப்பேன், அதற்குப் பிறகு நான் சொல்லிவிடுவேன்.

வார்டில் இன்னும் ஒரு வாரம் படுக்கை கேட்டேன். சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கிடையாது என்றார்கள். சண்டை போட்டு வாங்கிவிட்டேன். நான் ஊருக்குத் திரும்பவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதிக்கு உனக்குத் திரும்பவும் சீட்டு எடுத்திருக்கிறேன். முதல் ஆள். நேரம் கேட்டேன், பத்தேகால் என்றார்கள்.

அந்த நேரத்துக்கு நீ எங்கே நிற்பாய், உன் கை எதன்மேல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் அந்தச் சுவிட்சைத் தொடாதே. ஒரு சட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறு.

தங்கை